புது டப்பாவில் பழைய பேரிங்

1

பாஆஆஆம்!

இந்தக் கதை பிறந்தபோது கேட்ட சத்தம் இது. கற்பனை இல்லை. என் சட்டையில் டீக்கறை இன்னும் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை. ஸ்கூட்டரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. புதிது வாங்கலாம் என்று, கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் இருக்கும் ‘ராஜாராம் ஆட்டோ ஸ்பேர்ஸ்’ கடைக்குள் நுழைந்தேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண், ஒரு பேட்டரியில் இரண்டு ஒயர்களைத் தொட்டாள். என் காதுக்கு ஒரு முழம் தள்ளி ஹாரன் அலறியது. நான் துள்ளிப் பின்வாங்க, பின்னால் நின்றவரின் டீ எனக்கு அபிஷேகம் ஆனது. கடையே சிரித்தது.

“இன்னா சார், பயந்துட்டியா? ஹாரன்னா டெஸ்ட் பண்ணித்தான் குடுப்போம். எலெக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்ல” என்றாள் அவள்.

“இந்தச் சத்தம் பத்தாதுக்கா. நாவலூர் காரு ஒண்ணும் நவுறாது” என்றாள் ஹாரனை வாங்க வந்த ஆட்டோ டிரைவர் அனு. காக்கிச் சட்டை போட்ட சின்னப் பெண்.

“இதுக்கு மேல சத்தம் வோணும்னா கல்யாணம் பண்ணிக்கோ” என்று ஹாரனை அவள் கையில் திணித்துவிட்டு, அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “உனுக்கு இன்னா சார்?”

“இடப்பக்கக் கண்ணாடி.”

“பழசு கொண்டாந்தியா?”

உடைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் இல்லாமல் வந்தவனைப் பார்க்கிற பார்வை. “பழசு இல்லாம புதுசு எப்படி சார் எடுக்கிறது?”

எப்படியோ எடுத்துக் கொடுத்தாள். நான் கிளம்பிவிட்டேன். கதை நடந்தது நான் கிளம்பிய பிறகு. என் தொழிலில் இது வழக்கம்தான்.

2

முதல் வரைவின் முதல் வரி: ‘பிரபாவதியின் கண்கள் கலங்கி—’

நிறுத்திவிட்டேன். நானாக நிறுத்தவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆர்வக் கோளாறில் எழுதி எடுத்துப்போய் அவளிடமே படித்துக் காட்டினேன். இந்த ஒரு வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

“யாரு சார் அழுதது?”

“ஒரு உணர்ச்சிக்காக...”

“பொம்பள கடையில நின்னாலே அழ வுட்டுடுவீங்களா? நான் அன்னைக்கு அழல. ஓடினேன். ஓடினத எழுது.”

சரி, ஓட்டத்தை எழுதுகிறேன். அதற்குமுன் ஆளை அறிமுகப்படுத்த வேண்டும்.

இரண்டாம் வரைவு: ‘அன்று வானம் ஒரு—’ (இதுவும் வேண்டாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உதிரி பாகக் கடையில் வானத்தை யார் பார்க்கிறார்கள்?)

மூன்றாம் வரைவு நிற்கும் என்று நினைக்கிறேன். ஹாரனை அலறவிட்ட பிரபாவதி, தையூர்க்காரி. கணவர் ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா. பில் போட வந்தவள், கூட்டம் அதிகமான ஒரு நாளில் கவுன்ட்டருக்கு நகர்ந்தாள், பிறகு நகரவில்லை. கவுன்ட்டரில் அவளோடு இன்னொருவனும் நிற்கிறான். ஜெயக்குமார். முதலாளி ராஜாராமின் மனைவிக்குத் தம்பி. கம்ப்யூட்டரைத் தட்டி, எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று கண்ணிமைக்கிற நேரத்தில் சொல்வான்.

இருவருக்கும் ஒரே வேலை. முதல் கேள்விதான் வேறு. யார் வந்தாலும் ஜெயக்குமார், “இன்னா வண்டி?” என்பான். பிரபாவதி, “பழசு கொண்டாந்தியா?” என்பாள்.

வாசகர் இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான் ஞாபகப்படுத்த மாட்டேன்.

3

ஒரு சின்ன இடைச்செருகல். ஏன் பழசு?

இந்தத் தொழிலில் யாரும் சாமானின் பெயரைச் சொல்வதில்லை. தெரியாமல் இல்லை, ஒவ்வொரு பட்டறையிலும் அதற்கு ஒவ்வொரு பெயர். அதனால் மெக்கானிக் கழற்றிய பழசை மண்ணெண்ணெயில் கழுவி, பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் வைப்பார். ‘இதே மாதிரி குடு’. பழசையும் கொண்டுவராதவர்கள் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார்கள். “பிரேக் புடிச்சா கீக்... கீக்குனு ஒரு சத்தம் வருதுக்கா.” “கியரு மாத்தும்போது டொக்!” சிலர் உடம்பையும் குலுக்கிக் காட்டுவார்கள். ஆயுத பூஜை நேரத்தில் அந்தக் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், பறவைகள் சரணாலயத்தில் நிற்பதுபோல இருக்கும்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

இன்னொரு விஷயம். வேலை முடிந்ததும் மெக்கானிக் பழசைத் தூக்கிப் போடமாட்டார். வண்டிக்காரரிடம் காட்ட வேண்டும். ‘பாத்துக்கோ, இதான் போனது, மாத்திட்டேன்.’ பழசைக் கண்ணால் காணாத வண்டிக்காரர் புதுசை நம்பமாட்டார்.

இந்த வழக்கம் ஒன்று இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

4

மாமல்லபுரத்தில் ராஜாராம் கிளைக் கடை திறக்கப்போகிறார். அங்கே ஒரே ஆள். கவுன்ட்டரும் கல்லாவும் அந்த ஒருவர் பொறுப்பு. பிரபாவதிக்கும் அது வேண்டும், ஜெயக்குமாருக்கும் வேண்டும்.

ஜெயக்குமாருக்கு ஏன் வேண்டும் என்பது சுலபம்: அக்கா வீட்டுக்காரர் கண்ணெதிரே இல்லாத இடம் அவனுக்குச் சொர்க்கம். பிரபாவதிக்கு? அவளே சொன்னாள்.

“புதுசா வர்ற மெக்கானிக்கு ஒவ்வொருத்தனும் என்னைப் பாத்ததும் எட்டிப் பாப்பான் சார். ‘ஆம்பள யாரும் இல்லியாமா?’ நான் கையில அவன் கேட்ட சாமானை வச்சிக்கினு நிப்பேன், அவன் ஜெயக்குமாரைக் கூப்புடுவான். மாமல்லபுரத்துல எட்டிப் பாத்தா எவனும் இருக்க மாட்டான். என்னைத்தான் கேக்கணும்.”

ராஜாராம் பேச்சைக் குறைத்து, வேலையை அதிகம் வாங்குகிற மனிதர். பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

“அங்க தனியா நிக்கணும். கூட்டத்தைப் பாத்து ஓடுற ஆளு வோணாம். பூஜைக்கு மொத நாளு ஷட்டரைத் தூக்குனதுலேர்ந்து, நான் சாயங்காலம் பூசணிக்காய் வாங்கிக்கினு வர்ற வரைக்கும், கவுன்ட்டரை வுட்டு வெளிய வராம யாரு நிக்கிறாங்களோ அவுங்களுக்கு மாமல்லபுரம். ரெண்டு பேருமே நின்னா அப்புறம் பாத்துக்கலாம்.”

நான் டீயில் நனைந்த காலை, அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கண்ணாடியை இன்னொரு நாள் வாங்கியிருப்பேன்.

5

இப்போது தப்பு.

உச்சி வெயில். கவுன்ட்டரில் தலைகளுக்கு நடுவே கைகள்தான் தெரிகின்றன. ஷேர் ஆட்டோக்களுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் எல்லப்பன், பழைய பேரிங் ஒன்றைக் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். பிரபாவதி அதே நம்பர் டப்பாவைப் பிரித்து, புதுசைப் பழசின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. எல்லப்பனின் போன் அடித்தது. “எடுத்து வைம்மா, வந்துடறேன்” என்று வெளியே போனார்.

அதே இடத்தில் அடுத்த தலை. நெம்மேலிக் குப்பத்து நீலமேகம். சொந்தப் படகு வைத்து மீன் பிடிப்பவர்.

(படகுக்காரருக்கு ஆட்டோ கடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவர் படகில் இருப்பது ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். டீசல் ஆட்டோவுக்குப் போடுகிற பேரிங்கும் சீலும் பல அதற்கும் பொருந்தும். இதை எனக்கு ஜெயக்குமார் சொன்னான். சரிபார்க்க எனக்குத் தெரியாது.)

“அதே நம்பர் பேரிங்கு எனுக்கும் ஒண்ணு குடு தாயி. நாளைக்குப் பூசை, கடலுக்குப் போவ முடியாது. இன்னைக்கே வலை வுட்டுட்டு வரணும்” என்றார் நீலமேகம்.

ஒருவன் இடப்பக்கம் “கீக் கீக்” என்கிறான். ஒருவன் ஹெட்லைட் பல்பை முகத்துக்கு நேரே ஆட்டுகிறான். பிரபாவதி கவுன்ட்டரில் இருந்த இரண்டு பேரிங்குகளில் ஒன்றைத் திறந்த டப்பாவுக்குள் போட்டு, மூடி, நீலமேகத்திடம் கொடுத்தாள்.

முதல் வரைவில் இந்தக் கை ஜெயக்குமாரின் கை. கதாநாயகி தப்பு செய்யக்கூடாது என்று எனக்கு ஒரு பழக்கதோஷம். பிரபாவதி அதையும் அடித்துவிட்டாள். “ஏங்கை சார் அது. ஏங்கையில இருந்து புடுங்கி அவன் கையில குடுக்காத.”

வெகுநேரம் கழித்து எல்லப்பன் திரும்பி வந்தார். “புதுசைக் குடு, பழசையும் குடு.”

அவள் கவுன்ட்டரில் பல்பு டப்பாக்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த பேரிங்கை எடுத்து நீட்டினாள்.

“இது புதுசும்மா. பழசு எங்க? அதுல உள்வளையத்துல கோடு வுழுந்திருக்கும். வண்டிக்காரன் பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.”

பிரபாவதி பேரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். கோடு இல்லை. கவுன்ட்டரைப் பார்த்தாள். இன்னொரு பேரிங் இல்லை. அவளுக்கு மட்டும் கடையில் அத்தனை சத்தமும் நின்றுபோனது.

“யண்ணே... உன் பழசு கடலுக்குப் போவுது.”

6

நீலமேகத்தின் போன்? சுவிட்ச் ஆஃப். (நீங்கள் கேட்பதற்கு முன் நானும் கேட்டேன். கரையை விட்டுக் கிளம்பும்போது போனை அணைத்து பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பாராம். நனையாமல் இருக்க.)

ஜெயக்குமார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “வுடுக்கா. கழுவின பேரிங்குதானே, ஓடற வரைக்கும் ஓடும். நாளைக்கு வந்து கேட்டா மாத்திக் குடுத்துடலாம்.”

“நடுக்கடல்ல நின்னா யாராண்ட வந்து கேப்பாரு?”

“நீ எறங்கினா அவ்ளோதான். நான் நின்னதாத்தான் ஆவும். அப்பால என்னாண்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கப்படாது.”

“ஆவட்டும்டா.”

புது பேரிங்கை முந்தானையில் முடிந்துகொண்டாள். கவுன்ட்டரின் ஓரத்தில் தூக்கித் திறக்கிற பலகை ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கினாள். வெளியே வந்தாள். பலகை பின்னால் பட்டென்று விழுந்தது.

இந்த இடத்தில் அவள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மாமல்லபுரக் கடை, புதுப் பெயர்ப்பலகை, காலையில் தானே தூக்கும் ஷட்டர், எல்லாம் ஒரு பலகைச் சத்தத்தில்... நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் ஓடியது ஒன்றே ஒன்றுதானாம். சில்லறை கொடுக்காமல் ஒருவனை நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று.

7

கடை வாசலில் அனுவின் ஆட்டோ நின்றது. காலையில் வாங்கிய ஹாரனை மாட்டிவிட்டு, ஸ்டிக்கர் வாங்கத் திரும்ப வந்திருந்தாள். வண்டியின் நெற்றியில் ஏற்கெனவே மாவிலைத் தோரணம்.

“அனு, நெம்மேலிக் குப்பம். பறக்கணும்.”

“இன்னாக்கா, யாருக்கு இன்னா?”

“ஏறு, போய்க்கினே சொல்றேன்.”

“நான்தானேக்கா டிரைவரு. நீ ஏறு.”

பிரபாவதி ஏறினாள். மறுபக்கம் எல்லப்பனும் ஏறினார்.

“நீ எதுக்குண்ணே?”

“என் பழசு வோணாமா? அது இல்லாம ஷெட்டுக்குப் போனா வண்டிக்காரன் என்னைக் கழட்டிடுவான்.”

உப்பளங்களுக்கு நடுவே ஆட்டோ பாய்ந்தது. கோவளம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியதும், முன்னால் லீவு விட்ட சந்தோஷத்தில் ஊர்ந்துகொண்டிருந்த கார்கள். அனு கட்டைவிரலை அழுத்தினாள். பாஆஆஆம்! பின்னால் லாரி வருகிறது என்று நினைத்து ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஒதுங்கிவிட்டுப் பார்த்தால் மாவிலை கட்டிய ஆட்டோ ஒன்று தாண்டிப்போகிறது.

“பாத்தியாக்கா! நவுறுதா இல்லியா?” அனு பின்னால் திரும்பிச் சிரித்தாள்.

“முன்னாடி பாத்து ஓட்டும்மா, நான் புள்ளகுட்டிக்காரன்!” என்று அலறினார் எல்லப்பன்.

“நீ இன்னாண்ணே, ஒரு ஓட்டைப் பேரிங்குக்கு உசுரைப் பணயம் வச்சிக்கினு வர்றே?” என்றாள் பிரபாவதி.

“ஓட்டைப் பேரிங்குன்னு இப்ப சொல்லு. அத்த டப்பாவுல போட்டு வித்தியே, அப்ப தெர்லியா?”

பிரபாவதி முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திருவிடந்தை தாண்டும்வரை ஹாரன் மட்டும் பேசியது.

8

ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஆட்டோவின் முன்சக்கரம் புதைந்து நின்றது. பிரபாவதி குதித்து இறங்கினாள். கரையில் படகுகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு இடம் காலி.

அலைகளைத் தாண்டி, நீலமேகத்தின் படகு போய்க்கொண்டிருந்தது.

“யண்ணே! நீலமேகண்ணே!”

கடல்காற்று முகத்தில் அடித்தது. கூப்பிட்ட குரலை அவள் வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. “அனு, அடி!” என்று கத்தினாள். அனு ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பாஆஆஆஆஆம்!

இங்கே நான் எழுதியிருந்தது இது: ‘அந்த ஓசை அலைகளைக் கிழித்துச் சென்றது. நீலமேகம் சட்டென்று திரும்பி—’

கடையில் டெஸ்ட் செய்த ஹாரன் கடைசியில் கடலில் ஆளைக் காப்பாற்றுகிறது! எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பார்த்தீர்களா? பொய். படகுக்கு ஹாரன் கேட்கவே இல்லை. எதிர்க்காற்று; அவர் காலடியிலேயே இன்ஜின் தடதடக்கிறது. படகு சின்னதாகிக்கொண்டே போனது.

ஆனால் ஹாரன் இன்னொருவருக்குக் கேட்டது.

“எவ அவ, பட்டப்பகல்ல லாரியை வூட்டுக்குள்ள வுடறவ? இப்பதான் புள்ள கண்ணசந்துது!” என்று கத்திக்கொண்டே ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தாள் குப்பம்மா. நீலமேகத்தின் மனைவி. அவள் பின்னால் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று குப்பமே மணலுக்கு இறங்கி வந்தது.

பிரபாவதி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். “யக்கா, உன் வூட்டுக்காரருக்கு நான் பழைய பேரிங்கைக் குடுத்துட்டேன். தப்பாக் குடுத்துட்டேன். நடுவுல நின்னுடும்.”

குப்பம்மா இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கொடியில் காய்ந்த சிவப்புப் புடவையை உருவினாள். கவிழ்த்து வைத்திருந்த படகின் முதுகில் ஏறி நின்று, புடவையைத் தலைக்கு மேல் சுழற்றினாள். மற்றப் பெண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்: துண்டு, போர்வை, நீலத் தார்ப்பாய். கரை முழுக்கத் துணிகள் பறந்தன. கடலுக்குப் போனவனைத் திருப்பிக் கூப்பிட அவர்களுக்குத் தெரிந்த வழி அது. குரல் போகாத இடத்துக்கு நிறம் போகும்.

படகு கொஞ்சம் நின்றது. மூக்கு திரும்பியது.

கரை ஆர்ப்பரித்தது. எல்லப்பன் அனுவைக் கட்டிப்பிடிக்கப் போய், சுதாரித்துக்கொண்டு ஆட்டோவைக் கட்டிப்பிடித்தார்.

நீலமேகம் நெஞ்சளவு தண்ணீரில் குதித்து ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “யாரு பூட்டாங்க? எங்கம்மாவா? சொல்லுடி!”

“யாரும் பூடல. உன் பேரிங்குதான் பூடுச்சு” என்றாள் குப்பம்மா.

அவர் மனைவியைப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். மாவிலைத் தோரணத்தைப் பார்த்தார். கடைசியில் பிரபாவதியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. “பழசை எனுக்கு வித்துட்டு எம்மூஞ்சி முன்னால வந்து நிக்கிறியா?”

“வந்து நிக்கிறால்ல! வராம இருந்தா இன்னா பண்ணியிருப்ப?” குப்பம்மாவின் குரல் ஹாரனுக்கு அண்ணன். “எம்மா, நீ குடு அந்தப் புதுசை.”

பிரபாவதியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ள, படகை மணலில் ஏற்றினார்கள். நீலமேகம் பேரிங் இருந்த இடத்தில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து, விரலை ஊதினார். அதன்பிறகு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். கழற்றினார். கருகிப்போன கிரீஸுக்குள்ளிருந்து எடுத்த பேரிங்கைத் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து உள்வளையத்தைப் பார்த்தார்.

“கோடு! இதோ கோடு! இதாண்டா என்னுது!”

துணி சுழற்றியவர்கள் எல்லாரும் மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

புதுசை மாட்டினார். நீலமேகம் கயிற்றை இழுத்தார். தடதடதட... பிசிறில்லாத சத்தம். இடுப்பளவு நனைந்து நின்று அதைக் கேட்ட பிரபாவதி, “இதுதாண்ணே சத்தம்!” என்று கத்தினாள். படகு மறுபடி அலைமேல் ஏறியது. அனு வழியனுப்ப நீளமாக ஒரு ஹாரன் கொடுத்தாள். இப்போதும் அவருக்குக் கேட்டிருக்காது. பரவாயில்லை.

ஆட்டோவைக் குப்பமே சேர்ந்து மணலிலிருந்து தூக்கி ரோட்டில் வைத்தது. பின்சீட்டில் ஏறிய பிரபாவதிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்ததாம். இவ்வளவு நடந்தும் அந்தக் கரையில் ஒருவர்கூட, ‘ஆம்பள யாரும் வரலியாமா?’ என்று கேட்கவில்லை. (எல்லப்பன் இருந்தாரே என்றேன். “அவரு பேரிங்குக்கு வந்தவரு சார்” என்றாள்.)

9

ஜெயக்குமாரை எனக்கு விளங்கவில்லை.

வில்லன் வேண்டும் என்று அவனுக்கு ஒரு முறுக்கு மீசை வரைந்திருந்தேன். அவனுக்கு மீசையே சரியாக வளராது என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன். மீசை போனால் போகட்டும். அன்று சாயங்காலம் அவன் செய்ததை என்ன செய்வது?

பிரபாவதி திரும்பி வந்தபோது, கடை வாசலில் ராஜாராம் நின்றிருந்தார். ஒரு கையில் பூசணிக்காய், மறுகையில் பொரி மூட்டை. கவுன்ட்டருக்குள் ஜெயக்குமார் தனியாக, வியர்வையில் குளித்து, தலை கலைந்து.

“எங்க போச்சு அது?” என்று ராஜாராம் கேட்டு வாய் மூடவில்லை.

“டீ குடிக்கப் போச்சு மாமா. இப்பதான். இதோ வந்துட்டுதே” என்றான் ஜெயக்குமார்.

ஏன்? ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் மாமல்லபுரம் அவனுக்கு. பிறகு நானே அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

“தெர்ல சார். வாயில வந்துடுச்சு.”

“ஏதாவது காரணம் இருக்கணுமே?”

தலையைச் சொறிந்தான். “அது போனப்புறம் நான் மட்டும் நின்னேன். ஒருத்தன் கீக்குன்றான், ஒருத்தன் டொக்குன்றான், ஒருத்தன் ஆடிக் காட்டுறான். எனுக்கு ஒண்ணும் புரியல, பேஜாராப் போச்சு. வந்தவன் எல்லாம் ‘அக்கா எங்க, அக்கா எங்க’ன்றான். ஆனா அதுக்காகச் சொல்லல சார். நெசமாவே வாயில வந்துடுச்சு.”

காரணமில்லாமல் நல்லது செய்கிற கதாபாத்திரம் எழுத்தாளனுக்குப் பெரிய தலைவலி. அந்த இடத்தை அடித்துத் திருத்தவும் மனசு வரவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

பிரபாவதிக்கு அந்தப் பொய் ஒரு திறந்த கதவு. புடவை இடுப்புவரை ஈரம்; ஆனால் அதற்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பேசாமல் பலகையைத் தூக்கி உள்ளே போய் நின்றால் போதும்.

அவள் பலகைக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

“டீ குடிக்கப் போவலண்ணே. நெம்மேலிக்குப் போனேன். பழைய பேரிங்கைப் புது டப்பாவுல போட்டு வித்துட்டேன். நீலமேகண்ணன் படகுக்கு. போய் மாத்திட்டு வந்தேன். கவுன்ட்டரை வுட்டுட்டுத்தான் போனேன்.”

ராஜாராம் பூசணிக்காயை மெதுவாகக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

10

இங்கேதான் நிறுத்தப்போகிறேன். ஆனால் முடிவே எழுதாமல் இல்லை, மூன்று எழுதினேன். மூன்றையும் பிரபாவதியிடம் படித்துக் காட்டினேன். எந்த ஊரில், எந்தக் கடையில் வைத்துப் படித்தேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

முடிவு ஒன்று: ‘ “உன்னைப் போல ஒருத்தி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்று தழுதழுத்தார் ராஜாராம்.’

“அவரு வாயில இவ்ளோ வார்த்தை வராது சார். நகைக்கடை விளம்பரம் மாதிரி கீது.”

முடிவு இரண்டு: ‘மறுநாள் மழையில் நனைந்தபடி அவள் அந்தச் சாலையில்—’

“மழையே பேயல.”

முடிவு மூன்று, எனக்குப் பிடித்தது. விஜயதசமி காலை. குப்பமே ஆட்டோக்களில் வந்து கடைமுன் நிற்கிறது. குப்பம்மா கையில் அந்தச் சிவப்புப் புடவை. ‘எங்க பொண்ணு போணி பண்ணாத்தான் நாங்க சாமான் வாங்குவோம்’ என்று ஒரே குரலில்...

பிரபாவதி கவுன்ட்டரில் தலை கவிழ்ந்து சிரித்தாள். “அன்னைக்கு அவுங்கல்லாம் கடல்ல இருந்தாங்க சார். மீன் நல்லாப் பட்டுச்சாம். குப்பம்மா அக்கா வஞ்சிரம் குடுத்தனுப்புச்சு. அத்த வேணா எழுது.”

எழுதிவிட்டேன்.

11

ஆக, என் கையில் இருக்கும் முடிவுகள் எல்லாம் பழசு. கழுவி, கிரீஸ் தடவி, புது டப்பாவில் போட்டு உங்களிடம் தள்ளிவிடலாம். அச்சில் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும். ஆனால் நடுவழியில் நின்றால், உங்களைத் தேடிக்கொண்டு ஓடிவர நான் பிரபாவதி இல்லை.

அதனால் இதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போங்கள். சிற்பக் கூடங்களின் உளிச்சத்தம் தேய்ந்து, பஸ்களின் சத்தம் தொடங்குகிற இடத்தில் ஒரு புதுக் கடை இருக்கிறது. ஷட்டரில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. வாசலில் கூட்டம். முதுகுகள்தான் தெரியும்; கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று தெரியாது. எட்டிப் பார்க்காதீர்கள். வண்டியிலிருந்து எதையாவது கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வரும். முதல் கேள்வியை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

“பழசு கொண்டாந்தியா? இங்க வைக்காத, கையிலயே புடிச்சிக்கோ.”